புகைக்கு ஒன்பது விநாடி

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஆறு பேருக்கும் ஏதாவது எழுதித் தரும்படி உங்கள் செய்தி ஆசிரியர் கவிதா கேட்டாள். "நாலு பக்கம் போதும் அக்கா, எக்ஸ்பீரியன்ஸ் ஷேரிங் மாதிரி" என்றாள். அந்த நான்கு பக்கத்துக்கு மூன்று வாரமாக அலைகிறேன். உட்கார்ந்தால் கால் ஓரிடத்தில் நிற்பதில்லை. சுவா சூ காங் அடுக்குமாடி வீட்டில் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்து நடந்தே பாதியை எழுதி முடித்தேன். பணியிலிருந்து ஓய்வு கொடுத்துவிட்டார்கள், எனக்குத்தான் அது இன்னும் வந்து சேரவில்லை. செய்தி ஓடும்போது விரல் தானாக விநாடி எண்ணுகிறது. என் கணவர் செய்தியை விட்டுவிட்டு என் விரலைப் பார்த்துச் சிரிக்கிறார்.

கேமரா, எடிட்டிங் பற்றியெல்லாம் நான் உங்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகவே வரும். நான் சொல்லப்போவது ஒரு தவறைப் பற்றி. தெரியாமல் நடந்தது என்று சொல்லித் தப்பிக்க முடியாத தவறு. முழுப் புத்தியோடு செய்தேன், அன்று சாயங்காலம் அதற்குப் பாராட்டும் வாங்கிக்கொண்டேன். அதனால் ஒரு மனிதருடைய நல்ல பெயர் கெட்டது.

நம் அலுவலகம் அப்போதும் ஜூரோங்கில் இதே தொழிற்பேட்டைக் கட்டடத்தில்தான் இருந்தது. வெள்ளைப் பலகைக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருப்போம். அதில் பதினொரு பெயர்கள், பதினொரு தொலைபேசி எண்கள். கேமராவுக்கு முன்னால் திக்காமல், ஆங்கிலம் கலக்காமல், நல்ல தமிழில் பேசக்கூடியவர்கள். தமிழர்கள் சிறுபான்மையாக உள்ள இந்த ஊரில் தமிழில் செய்தி செய்கிற எவருக்கும் இந்தத் தவிப்பு தெரியும். தமிழர்கள் கூடும் தேக்காவில் பத்துப் பேரை நிறுத்தி மைக்கை நீட்டினால் நான்கு பேர் ஓடிவிடுவார்கள். மூன்று பேர் "ரொம்ப எக்ஸ்பென்சிவ் ஆயிடுச்சு லா" என்று முடித்துக்கொள்வார்கள். மீதிப் பேர் நமக்கெதற்கு வம்பு என்று சிரித்து நழுவுவார்கள். காணொளியோ மதியம் ஒரு மணிக்குள் போயாக வேண்டும். கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் சாப்பாட்டு நேரத்தில் கைப்பேசியைத் திறப்பவர்கள்தாம் நம் பார்வையாளர்களில் பாதி. ஆகவே அந்தத் தாளே கதி என்று கிடந்தோம். பேருந்துக் கட்டணம் ஏறினால் செம்பவாங் டாக்சிக்காரர் பேசுவார், வெயில் அதிகமானாலும் அவரே பேசுவார். வெளியூர்க்காரர் பார்த்தால் இந்தத் தீவில் சொந்தக் கருத்து உள்ள தமிழர்கள் மொத்தம் பதினொரு பேர்தான் என்று நினைத்திருப்பார்.

அந்தத் தாளில் முதல் பெயர் ஷாகுல் பாய். தேக்காவில் ஒரு குறுக்குத் தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். நாகூர்ப் பக்கத்துக் குடும்பம், அவருடைய அப்பா தொடங்கிய கடை. கடைக்கு வருபவர்களிடம் எல்லாரையும் போலத்தான் பேசுவார். கேமராவைப் பார்த்ததும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, "கேளுங்க தங்கச்சி" என்பார். அதன்பின் வருவது அப்படியே அச்சுக்குக் கொடுக்கலாம். இருபது விநாடி கேட்டால் இருபது விநாடி பேசி நிறுத்துவார், இரண்டாவது முறை எடுக்க வேண்டியதே இருக்காது. வெங்காய விலை ஏறியபோது அவர்தான் பேசினார், பருப்பு விலைக்கும் அவர்தான். எனக்கு அவரைப் பிடிக்கும். அவரை வைத்து வேலை சுலபமாக முடிவது அதைவிடப் பிடிக்கும். விலை ஏறும்போது மட்டுமே அந்த முகத்தைக் காட்டுகிறோம் என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

உக்ரேனில் போர் தொடங்கிய மாதங்கள் அவை. வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்களிலிருந்து படங்கள் வந்து குவியும். அவற்றில் ஒரு புகை எங்களுக்குப் பிடித்துப்போயிற்று. அடுக்குமாடி வீடுகளுக்குப் பின்னால் கறுப்பாக எழுந்து, மெதுவாக இடப்பக்கம் சாயும் புகை. பெட்ரோல் விலை ஏறினால் அந்தப் புகையைப் போடுவோம். கோதுமை வரவில்லை என்றாலும் அதையேதான் போடுவோம். அது எந்த ஊர், புகைக்கு அடியில் யார் இருந்தார்கள் என்று நான் கேட்டதில்லை, இன்றுவரை தெரியாது. போர் என்று தொடங்கி மூன்றாவது வாக்கியத்துக்குள் நம் சமையலறைக்கு வந்துவிடுவோம். அங்கே வீடிழந்து நிற்பவர்களுக்கு அரை நிமிடம், நம் வீட்டு எண்ணெய்ச் சட்டிக்கு ஒரு நிமிடம். இதை நினைத்தால் இப்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

சூரியகாந்தி எண்ணெய் தட்டுப்பாடாகப் போகிறது என்று பேச்சு கிளம்பிய ஒரு நாள் காலை, கவிதாவை ஷாகுல் பாய் கடைக்கு அனுப்பினேன். அவள் அப்போது நிருபர், சேர்ந்து ஓராண்டுகூட ஆகவில்லை. பன்னிரண்டரைக்கு மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். படத்தில் பாய் சொன்னது எனக்கு இன்றும் மனப்பாடம். உங்களுக்காக அப்படியே எழுதுகிறேன்:

"போர் நடக்கும் நாட்டிலிருந்துதான் சூரியகாந்தி எண்ணெய் நிறைய வருகிறது. அதனால் விலை ஏறத்தான் போகிறது. ஆனால் நான் பழைய விலைக்கு வாங்கிப் போட்டதைப் பழைய விலைக்குத்தான் விற்பேன், ஒரு காசு ஏற்ற மாட்டேன். இன்னும் இரண்டு மாதத்துக்கு எங்களிடம் சரக்கு இருக்கிறது."

காணொளி தொண்ணூறு விநாடியைத் தாண்டக் கூடாது என்பது என் சட்டம். ஏழு விநாடி அதிகமாக இருந்தது. மணி ஒன்றாக இருபது நிமிடம். பழைய விலைக்குத்தான் விற்பேன் என்ற அந்த நடு வாக்கியம் சரியாக ஏழு விநாடி. கத்தரிக்க வாகாக, அழகாக உட்கார்ந்திருந்தது.

"அக்கா, நடுவுல இருக்கிற அந்த லைன் இம்பார்ட்டண்ட் இல்ல? அத எடுத்துட்டா மீனிங் மாறிடாதா?" என்றாள் கவிதா.

"என்ன மாறிடும்? விலை ஏறும், சரக்கு இருக்கு. ரெண்டும் அவர் சொன்னதுதானே?"

"புகைய கொஞ்சம் குறைச்சுக்கலாமே, அக்கா. அது நைன் செகண்ட்ஸ் இருக்கு."

"புகை இல்லாம யாரு பாக்கப் போறாங்க? போ, போயி தலைப்ப அடி."

அவள் அடிக்கவில்லை. நானே அடித்தேன். 'போரின் சூடு நம் அடுப்படியில்' என்று வைத்துவிட்டு, நன்றாக இருக்கிறதே என்று எனக்கு நானே தலையாட்டிக்கொண்டேன். ஒன்பது விநாடி புகை. அது கலைந்ததும் பாய் கடையின் அலமாரி, கூரை வரை அடுக்கிய எண்ணெய் டின்கள். அடுத்து பாயின் முகம். "விலை ஏறத்தான் போகிறது. இன்னும் இரண்டு மாதத்துக்கு எங்களிடம் சரக்கு இருக்கிறது." ஒரு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அனுப்பினோம். அதற்கு முன் நாங்கள் போட்ட எதையும் அவ்வளவு பேர் பார்த்ததில்லை. சாயங்காலம் முதலாளி எல்லாருக்கும் கறிபஃப் வாங்கி வந்தார், நான் இரண்டு சாப்பிட்டேன்.

கவிதா சாப்பிடவில்லை. வயிறு சரியில்லையோ என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலை வேலைக்குக் கிளம்பி லிப்டில் ஏறினேன். பக்கத்து வீட்டு சரோஜா அக்காவும் ஏறினார். நல்ல மனுஷி, வீட்டில் என்ன செய்தாலும் எனக்கு ஒரு கிண்ணம் வரும். எங்கே வேலை செய்கிறேன் என்று அவருக்குச் சரியாகத் தெரியாது, ஏதோ ஆபீஸ் என்று மட்டும் தெரியும். கைப்பேசியை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"இத பாத்தீங்களா? தேக்கா பாய் கடை. வெல ஏறட்டும்னு இவ்ளோ எண்ணெய அடுக்கி வச்சிக்கிட்டு டிவியிலயே சொல்றான், பாருங்களேன். வெக்கமே இல்ல. எங்க வாட்ஸ்அப் குரூப் முழுக்க இதான். இனிமே நாங்க அந்தப் பக்கமே போறதில்ல லா."

யாரோ நம் காணொளியில் பாய் பேசும் இடத்தை மட்டும் வெட்டி, மேலே 'பதுக்கல்' என்று சிவப்பில் எழுதிச் சுற்றுக்கு விட்டிருந்தார்கள். வெட்டியவரைத் திட்ட வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அவருக்கு முன்னால் வெட்டியவள் நான்தானே. பன்னிரண்டு மாடி இறங்குவதற்குள் சரோஜா அக்காவிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "அப்படியா" என்றேன். அதை நினைத்தால் அன்று கத்தரித்ததைவிட அதிகமாகக் கூசுகிறது.

ஜூரோங்குக்குப் போகாமல் நேரே தேக்காவுக்கு ரயில் ஏறினேன். வண்டியில் இடமிருந்தும் உட்கார முடியவில்லை. ஒவ்வொரு நிலையத்திலும் அவரிடம் என்ன சொல்வது என்று ஒரு வாக்கியம் தயார் செய்வேன், அடுத்த நிலையத்தில் அதை அடித்துவிட்டு வேறொன்று செய்வேன். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வாக்கியங்களைச் சீர்செய்து சம்பளம் வாங்கியவளுக்கு, சொந்தமாக ஒன்று வரவில்லை.

கடை வாசலில் கூட்டமில்லை. எண்ணெய் டின்களுக்கு முன்னால் ஓர் அட்டை, பாயின் கையெழுத்தில் 'பழைய விலை' என்று. அவர் என்னைப் பார்த்தார். சட்டைப் பொத்தான் திறந்தே கிடந்தது, போட்டுக்கொள்ளவில்லை.

"வாங்க மேடம்" என்றார்.

'தங்கச்சி' என்ற அழைப்பு போய்விட்டது. நான் என்னென்னவோ உளறினேன். விநாடி, நேரம், ஒரு மணி என்றெல்லாம். அவர் முழுவதையும் கேட்டார்.

"மொத நாள் நல்ல கூட்டம் மேடம். ஆளாளுக்கு ஒரு பெட்டி கேட்டாங்க. ஒரு குடும்பத்துக்கு ரெண்டு டின்னுதான்னு சொல்லிட்டேன், வழக்கமா வர்றவங்களுக்கு இல்லாமப் போயிடக் கூடாதுல்ல. அதுக்கு ஒருத்தன், பதுக்குறான் பாருன்னு சத்தம் போட்டான், அதையும் போன்ல எடுத்தான். சரி, ஜனங்க கண்ணுல படட்டும்னு இந்த அட்டைய எழுதி வச்சேன். மாட்டிக்கிட்டதும் குறைச்சுட்டான்னு சொல்றாங்க."

"நான் சரி பண்றேன் பாய். நீங்க பேசுனத முழுசா போடுறேன்."

"போடுங்க." டின் மேலிருந்த தூசியைத் துடைத்தார். "நீங்க போட்டதுல ஒரு வார்த்தை பொய் இல்ல மேடம். நான் பேசுனதுதான், என் குரல்தான். அதனாலதான் யார்கிட்டயும் சண்டை போட முடியல. எங்க வாப்பா காலத்துலேர்ந்து வர்ற ரெண்டு குடும்பம், எதிர்ப் பக்கமா நடந்து போறாங்க. என் மக வேலை செய்யுற ஆபீஸ்ல, உங்க அப்பாவான்னு கேட்டிருக்காங்க. அவ வீட்டுக்கு வந்து என்கிட்ட எதுவும் பேசல. நான் என்னத்த சொல்லட்டும்?"

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். திட்டு வாங்கிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். அவர் திட்டவில்லை. ஒரு டின்னைத் துடைத்து முடித்துவிட்டு அடுத்த டின்னுக்குப் போனார்.

அலுவலகத்தில் முதலாளி தலையைச் சொறிந்தார். "தப்பா ஒண்ணும் போடலையே. அவர் சொன்னதத்தான போட்டோம்? இப்ப கிளறினா பெருசாகும். ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க லா" என்றார். வெட்டிய அன்று நான் கவிதாவிடம் சொன்ன அதே பேச்சு. அவர் வாயிலிருந்து கேட்டபோதுதான் அது எவ்வளவு மட்டமானது என்று தெரிந்தது. அன்று நான் போட்ட சத்தத்தில் கீழ்த்தளத்திலிருந்து ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் பாய் பேசியதை ஒரு சொல் குறைக்காமல், புகை இல்லாமல், 'எங்கள் தவறு' என்ற தலைப்போடு போட்டோம்.

பார்க்கத்தான் ஆளில்லை. முதல் காணொளியைப் பார்த்தவர்களில் கையளவு பேர்கூட இதைப் பார்க்கவில்லை. எங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் நான் அனுப்பினேன், கவிதாவும் அவளுடைய தோழிகளுக்கெல்லாம் அனுப்பினாள். சிவப்பு எழுத்தோடு சுற்றிய துண்டுப்படம் மட்டும் அதுபாட்டுக்குச் சுற்றிக்கொண்டேயிருந்தது. பிறகு ஒரு நாள் சரோஜா அக்கா வீட்டுக் கதவைத் தட்டி, நான் என்ன வேலை செய்கிறேன், அந்தப் படத்துக்கு என்ன செய்தேன் என்று முழுக்கச் சொன்னேன். முழுக் காணொளியையும் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார்.

"அப்ப நல்லவர்தான் போல" என்றார். கொஞ்சம் யோசித்தார். "ஆனாலும் அவ்ளோ டின்னு எதுக்கு?"

இந்த இடத்தில் நீங்கள் நிற்க வேண்டும். சரோஜா அக்கா கெட்டவரில்லை, அசடும் இல்லை. அவர் கண்ணில் முதலில் விழுந்தது எரியும் ஊரின் புகை, அடுத்து விழுந்தது அந்த டின்கள். இரண்டையும் ஒட்டவைத்தது நான். ஒரு மளிகைக் கடையில் எண்ணெய் அடுக்கியிருப்பதைவிடச் சாதாரணமான காட்சி உண்டா? புகைக்குப் பின்னால் வைத்ததும் அது குற்றமாகத் தெரிந்தது. போர் எங்கோ நடந்தது, விலை பின்னால்தான் ஏறியது. விலை ஏறுவதற்கு முன்பே நான் பயத்தைக் கொண்டுபோய் அந்த மனிதரின் கடை வாசலில் இறக்கினேன்.

அதன் பிறகு வேலையிலிருந்த மிச்ச நாளெல்லாம் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். ஒருவர் பேச்சிலிருந்து எதை எடுத்தாலும், மீதியைச் சத்தமாகப் படிப்பேன். அதைக் கேட்பது அவருடைய பக்கத்து வீட்டுக்காரர், அவருடைய மகள் என்று வைத்துக்கொள்வேன். காது உறுத்தினால், புகையோ நெருப்போ எதையாவது தள்ளிவிட்டு அந்த வாக்கியத்தைத் திரும்பச் சேர்ப்பேன். ஒரு மணி தாண்டினால் தாண்டட்டும் என்று கவிதா இப்போது உங்களிடம் சொல்கிறாளே, அது இங்கிருந்து வந்ததுதான். அவள் அன்றே சொன்னாள், நான்தான் கேட்கவில்லை.

பாயின் கடை மூடப்படவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் வந்தார்கள், அந்த இரண்டு குடும்பம் மட்டும் திரும்பவே இல்லை. இனி அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று, பலகைக்குப் பக்கத்திலிருந்த தாளில் அவர் பெயரைக் கவிதா அடித்துவிட்டாள். நான் வேலையை விட்ட பிறகு வாரம் ஒருமுறை சாமான் வாங்க அங்கே போகிறேன். முதல் ஆறு மாதம் மேடம்தான். பிறகு ஒரு நாள், பருப்பை நிறுத்துக்கொண்டே, "போதுமா தங்கச்சி?" என்றார். இன்னும் கால் கிலோ போடச் சொன்னேன்.

இனி சொல்லப்போவது உங்களில் இரண்டு பேருக்குத் தெரியும், பாதி மட்டும்.

போன மாதம், இப்போது மேற்காசியாவில் நடக்கும் சண்டையால் கப்பல்கள் சுற்றிப் போகின்றன, சாமான் விலை ஏறும் என்று பேச்சு வந்ததே, அப்போது நீங்கள் இருவர் கேமராவோடு பாய் கடைக்கு வந்தீர்கள். தாளில் அவர் பெயர் இல்லை, அவர் யாரென்று உங்களுக்குத் தெரிந்திருக்காது, ஆகவே உங்கள் மேல் தப்பில்லை. நான் உள்ளே அப்பளக் கட்டுகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். என்னை உங்களுக்குத் தெரியாது. "வணக்கம் ஐயா, போரினால் ஏற்பட்டுள்ள விலையேற்றம் குறித்து உங்கள் கருத்து..." என்று நல்ல மரியாதையாகத்தான் ஆரம்பித்தீர்கள்.

ஷாகுல் பாய் கையெடுத்துக் கும்பிட்டார்.

"எனக்குத் தமிழ் அவ்வளவா வராதும்மா. சாரி லா. வேற யாரையாச்சும் கேளுங்க."

நீங்கள் நம்பிவிட்டீர்கள். நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போனீர்கள். அந்தத் தெருவிலேயே மிக அழகாகத் தமிழ் பேசுகிறவர் தனக்குத் தமிழ் வராது என்று சொல்லி, அதை ஒரு தமிழ்ச் செய்தியாளர் நம்பிப் போவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. கொஞ்ச நேரம் அரிசி மூட்டையைத் தேவையில்லாமல் நகர்த்தி வைத்தார். பிறகு மெதுவாகப் பேச ஆரம்பித்தார்.

"என் தங்கச்சி மகன் கப்பல்லதான் இருக்கான், தெரியுமா? அந்தப் பக்கம்தான். பதினஞ்சு நாளா நங்கூரம் போட்டு நிக்குதாம். போன் கிடைச்சா ரெண்டு நிமிஷம் பேசுவான். சாப்பாடு இருக்கு மாமா, தண்ணிதான் அளந்து தர்றாங்கன்னான். ராத்திரியில வானம் வெளிச்சமானா எல்லாரும் கீழ ஓடிப் போயி உக்காந்துக்குவாங்களாம். நம்ம கடைக்கு வர்ற பருப்பு அந்தக் கப்பல்லயே இருக்கலாம், யாரு கண்டா? அவன் அம்மா நாகூர்ல சோறு தண்ணி இல்லாம கெடக்குறா. இத்தனை வருஷத்துல எத்தனை பேரு மைக்க நீட்டியிருக்காங்க தங்கச்சி. வெல என்னன்னு கேப்பாங்க. உங்க ஆளு யாராச்சும் அங்க இருக்காங்களான்னு ஒருத்தர்கூடக் கேட்டதில்ல."

நானும் கேட்டதில்லை. எத்தனையோ முறை அந்தக் கடைக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன், ஒருமுறைகூடக் கேட்கச் சொன்னதில்லை.

பத்து நிமிடம் பேசினார். பையனுடைய பெயர், அவன் அனுப்பிய படம், கடல் எந்த நிறத்தில் இருந்தது, கேப்டன் என்ன சொன்னார், எல்லாம். போரைப் பற்றி நான் கேட்டதிலும் படித்ததிலும் எனக்கு உறைத்த பேச்சு அது ஒன்றுதான். என் விரல்கள் அப்போது எதையும் எண்ணவில்லை. நீங்கள் பக்கத்துக் கடையில் மைக்கைச் சரிசெய்துகொண்டிருந்தீர்கள்.